லபுபு வாங்கப் போகிறீர்களா?

லண்டனின் வெம்பிளியில் பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளின் பைகளைக் கவனித்துப் பாருங்கள். முயல் காது, பஞ்சு உடம்பு, காதுவரை விரிந்த வாய், அதில் கூர்கூராகப் பற்கள் என்று ஒரு குட்டிப் பொம்மை ஜிப்பில் ஆடிக்கொண்டிருக்கும். அதன் பெயர் லபுபு. உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். விலையைக் கேட்டு நீங்கள் திகைத்திருப்பீர்கள். ஒரு பொம்மைக்கா இவ்வளவு, வாங்கினால் அசல்தானா, கொடுத்த காசு வீணாகுமா? இந்தப் பொம்மைகளைச் சேர்ப்பவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாதாரண பொம்மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பொம்மை ஒரு படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ ஒட்டி வரும். இது அப்படியல்ல. ஓர் ஓவியர் தானே ஓர் உருவத்தைக் கற்பனை செய்து வரைகிறார். அது பொம்மையாகக் குறைந்த எண்ணிக்கையில் வருகிறது, பெட்டியில் அவர் பெயரும் இருக்கிறது. இவற்றை டிசைனர் பொம்மை (ஓவியரின் சொந்தப் படைப்பாக வரும் பொம்மை) என்கிறார்கள். வாங்குவோரில் பெரியவர்களே அதிகம்.

இதன் வேர் ஆக்‌ஷன் ஃபிகரில் (கை, கால் மடங்கும் வீர உருவப் பொம்மை) இருக்கிறது. அமெரிக்காவில் 1964இல் ஜி.ஐ. ஜோ வந்தது. அதையே 1966இல் பாலிடாய் நிறுவனம் ஆக்‌ஷன் மேன் என்று பிரிட்டனில் விற்றது. அந்தச் சிப்பாய் உருவத்தை எடுத்து, சீருடையைக் கழற்றி, தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டும் இளைஞர்களாக மாற்றியவர் ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவ். 1999இல் அவர் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது பொம்மை கலைக்கூடத்துக்குள் வந்துவிட்டது. இன்று நம் பிள்ளைகளின் பையில் தொங்குவது அந்த வழியில் வந்ததுதான்.

லபுபுவை உருவாக்கியவர் யார்?

காசிங் லுங். ஹாங்காங்கில் பிறந்து, சிறு வயதிலேயே நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே படித்த வட ஐரோப்பியப் பூதக் கதைகளின் பாதிப்பில் 2015இல் ‘தி மான்ஸ்டர்ஸ்’ என்ற படக்கதை வரிசையை வரைந்தார். அதில் வருகிற குறும்புக்காரி லபுபு. ஆம், அது பெண். 2019இல் பாப் மார்ட் என்ற சீன நிறுவனம் இந்த உருவங்களை விற்க ஒப்பந்தம் செய்தது. 2023இல் பையில் தொங்கவிடும் பஞ்சுப் பொம்மையாக வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அது எப்படி வெம்பிளிவரை வந்தது?

கொரியப் பாடகிகள் குழுவான பிளாக்பிங்க்கின் லிசா 2024இல் தன் லபுபுவை வெளியே காட்டினார். ரசிகர்கள் கடைகளுக்கு ஓடினார்கள். அந்தக் குழுவே 2025 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் வெம்பிளி ஸ்டேடியத்தில் பாடியது. அதற்குள் லண்டன் ஒரு களேபரத்தையும் பார்த்திருந்தது. கடை வாசல்களில் விடியற்காலையிலிருந்தே வரிசை, தள்ளுமுள்ளு, சில இடங்களில் கைகலப்பு. 2025 மே மாதம் பாப் மார்ட் பிரிட்டனில் உள்ள தன் 16 கடைகளிலும் லபுபு விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைத்தது. மக்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

கடந்த ஆண்டில் எனக்குப் பிடித்தவை எவை?

முதலில் அதே லபுபுதான்: 2025 ஏப்ரலில் வந்த ‘பிக் இன்டூ எனர்ஜி’ வரிசை. அன்பு, மகிழ்ச்சி, விசுவாசம், அமைதி, நம்பிக்கை, அதிர்ஷ்டம் என்று ஆறு பெயர்கள், ஆறு நிறங்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முடி ஒரே நிறமாக இருக்காது. ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாகக் கரைந்து போகும். முகமும் கைகளும் பாதங்களும் வினைல் (மென்மையான, வளையும் பிளாஸ்டிக்). பற்களை எண்ணினால் ஒன்பது. கோணத்தை மாற்றினால் அதே முகம் ஒரு நேரம் சிரிக்கும், ஒரு நேரம் முறைக்கும். என்னை இழுத்தது அந்த இரட்டை முகம்தான்.

ஆனால் அலமாரியில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு இரண்டு. தாய்லாந்து ஓவியர் ஒருவரின் ‘கிரைபேபி’: கன்னத்தில் பெரிய கண்ணீர்த் துளியோடு நிற்கும் குழந்தை. அழுவது தப்பில்லை என்று ஒரு பொம்மை சொல்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்தது சீன ஓவியர் லாங்கின் ‘ஹிரோனோ’. யாரோடும் சேராமல் தனியே நிற்கும் சிறுவனின் முகம். லபுபு கிடைக்கவில்லை என்று வாடும் பிள்ளையிடம் இவற்றையும் காட்டுங்கள். ஆரவாரம் குறைவு, வேலைப்பாட்டில் குறைவே இல்லை.

‘பிளைண்ட் பாக்ஸ்’ என்கிறார்களே, அது என்ன?

உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியாமல் வாங்கும் மூடிய பெட்டி. அட்டைப் பெட்டியைக் கிழித்தால் உள்ளே வெள்ளித்தாள் உறை, அதற்குள் பொம்மை. ஆறு வகையில் ஏதோ ஒன்று வரும். இவை போக ‘சீக்ரெட்’ (பெட்டியில் படம் காட்டாத அரிய வகை) ஒன்று உண்டு. அது கிடைக்கும் வாய்ப்பு 72 பெட்டிக்கு ஒன்று என்று நிறுவனமே அச்சிட்டிருக்கிறது.

இதில்தான் பணம் கரைகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டி 17.50 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக வாங்கி ஆறு நிறத்தையும் சேர்க்க முயன்றால், வந்ததே திரும்பத் திரும்ப வரும். சராசரியாக 15 பெட்டி வாங்கவேண்டியிருக்கும். ஏறத்தாழ 260 பவுண்டு. ஆறு பெட்டி அடங்கிய முழுத் தொகுதியாக வாங்கினால் 105 பவுண்டு. அதில் பொதுவாக ஒரே நிறம் இருமுறை வராது. பிள்ளை ஆறையும் கேட்டால் தொகுதியாக வாங்குவதே மிச்சம்.

72 பெட்டி வாங்கினால் சீக்ரெட் உறுதிதானே என்று தோன்றும். இல்லை. 1,260 பவுண்டு செலவழித்த பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காமல் போகும் வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றுதான் வேண்டும் என்றால், பிரித்த பொம்மையைப் பார்த்து அதை மட்டும் விலைக்கு வாங்குவதே மேல். எனக்குப் பிடித்த முகத்தை நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

குழந்தைக்கு இது சூதாட்டப் பழக்கம் ஆகிவிடாதா? நியாயமான கவலை. சீன அரசு 2023இல் வகுத்த விதிப்படி எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பிளைண்ட் பாக்ஸ் விற்கக் கூடாது. அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இங்கே அந்தக் கோட்டை நீங்கள்தான் வீட்டில் போடவேண்டும். பிறந்தநாளுக்கு ஒன்று என்று முன்பே சொல்லிவிடுங்கள். கடையில் நின்றுகொண்டு பேரம் பேசாதீர்கள். அங்கே பிள்ளையின் கண்ணீர்தான் ஜெயிக்கும்.

ஐந்து பவுண்டுக்குக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

இதற்கு மட்டும் சற்று நேரம் கொடுங்கள். ஐந்து பவுண்டு லபுபு போலி. பொம்மை சேர்ப்பவர்கள் மத்தியில் அதற்கு ‘லஃபுஃபு’ என்றே பெயர். 2025இல் பிரிட்டன் எல்லையில் பிடிபட்ட போலிப் பொம்மைகள் சுமார் 2,59,000. பத்தில் ஒன்பது லபுபு. பிடிபட்ட பொம்மைகளில் நான்கில் மூன்று பாதுகாப்புச் சோதனையில் தோற்றன. கண்ணும் கையும் இழுத்தால் கையோடு வருகின்றன. சில பொம்மைகளில் தடைசெய்யப்பட்ட இரசாயனங்கள் இருந்தன. பிய்ந்த கண் சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கினால் மூச்சு நின்றுவிடும். அதனால் இதை விலைக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள்.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பற்களை எண்ணுங்கள்: ஒன்பதுக்குக் கூடினாலும் குறைந்தாலும் போலி. அசலின் பெட்டி மங்கலான நிறத்தில், பளபளப்பின்றி இருக்கும். போலியின் நிறமோ கண்ணை அடிக்கும். பெட்டியில் உள்ள க்யூஆர் குறியை (கைப்பேசியால் படிக்கும் சதுரக் கட்டக் குறி) கைப்பேசியில் காட்டினால் பாப் மார்ட்டின் சொந்தச் சரிபார்ப்புப் பக்கம் திறக்கவேண்டும். அண்மைக்காலப் பொம்மைகளின் ஒரு பாதத்தில், புற ஊதா விளக்கு (ரூபாய் நோட்டைச் சோதிக்கும் நீல விளக்கு) பட்டால் மட்டும் தெரியும் முத்திரை இருக்கும். தையல் கோணலாகவும், முகத்தின் ஓரத்தில் சாயம் வழிந்தும் இருந்தால் மேலே யோசிக்கவேண்டாம், வைத்துவிடுங்கள்.

ஒன்பது பல்லைப் போலிக்காரரும் வைத்துவிடமாட்டாரா? வைப்பார். ஒரே அடையாளத்தை நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். கடைசியாக, சட்டம் கேட்கும் அடையாளத்தைத் தேடுங்கள். பிரிட்டனில் விற்கும் பொம்மையில் யூகேசிஏ அல்லது சிஇ குறியும், தயாரித்தவரின் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். குறியை யாரும் அச்சடிக்கலாம். முகவரியே இல்லாத பெட்டியை மட்டும் தொடாதீர்கள்.

அசல் பெட்டியில் 15+ என்று போட்டிருக்கிறதே? சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்காக நிறுவனம் இதைச் செய்யவில்லை என்று அர்த்தம். பத்து வயது மகள் பையில் மாட்டிக்கொள்ளலாமா என்பது உங்கள் முடிவு. மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் பையை வையுங்கள்.

எங்கே வாங்குவது?

வெம்பிளி பார்க்கில் ஜூபிலி ரயில் ஏறினால் மாறாமலே பாண்ட் ஸ்ட்ரீட் போகலாம். அங்கே இறங்கினால் ஆக்ஸ்போர்டு தெரு. அதே ரயில் ஸ்ட்ராட்போர்டு வரை ஓடுகிறது. இரண்டு இடத்திலும் பாப் மார்ட்டின் சொந்தக் கடைகள் உண்டு. சரக்கு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆனால் பெட்டியைப் பிரித்து மதிப்பைக் குறைத்துவிட்டால் அந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ‘நான் கேட்ட நிறம் வரவில்லை’ என்பது குறையாகாது. பொருள் போலி என்றால் கதை வேறு. அசல் என்று சொல்லி விற்றதால், 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தவரின் தெரிந்தவர் விற்றால்? தனியாளிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது. சொன்னபடி பொருள் இருக்கவேண்டும் என்பது மட்டுமே உங்கள் பிடி. ஆகவே ‘அசல்’ என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பாதீர்கள். கார்டில் கட்டினால், பின்னால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரும் வழி இருக்கும்.

வைத்திருந்தால் விலை ஏறுமா?

2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று 10 லட்சம் யுவானுக்கு மேல் போனது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் பலர் இதைச் சேமிப்பு என்று நினைக்கிறார்கள். அது ஒரே ஒரு சிற்பம். பையில் தொங்குவது ஆலையில் லட்சக்கணக்கில் வருவது. அதே ஜூனில் பாப் மார்ட் பெரிய அளவில் முன்பதிவைத் திறந்ததும் சீனாவில் மறுவிற்பனை விலை மளமளவென்று சரிந்தது. நிறுவனம் கூடுதலாகச் செய்ய முடிவெடுத்தால் உங்கள் பெட்டியின் விலை விழும். இதில் சீட்டுப் பணத்தைப் போடாதீர்கள்.

விற்றால் வரி உண்டா? வீட்டிலிருந்த ஓரிரு பொம்மையை விற்பதற்குப் பொதுவாக இல்லை. லாபத்துக்காகவே வாங்கி விற்றால் அது வியாபாரம். ஒரு வரி ஆண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித் துறைக்குச் சொல்லவேண்டும். இது லாபக் கணக்கு அல்ல, கைக்கு வந்த மொத்தத் தொகை. ஆண்டுக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களை விற்பவர்களின் விவரத்தை இணையச் சந்தைகள் 2024 முதல் சேகரித்து வரித் துறைக்கு அனுப்புகின்றன. கல்லூரிப் பிள்ளைகள் அறைக்குள்ளிருந்தே இதைச் செய்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். வரம்புகள் மாறக்கூடும் என்பதால் விற்கும் ஆண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே போலி ஒன்று வீட்டில் இருந்தால்?

இன்றே கண்ணையும் கையையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ கடுமையான இரசாயன வாடை வந்தாலோ பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொரு குழந்தை கைக்குப் போகும் என்பதால் தொண்டுக் கடைக்கும் கொடுக்காதீர்கள், ஊருக்கு அனுப்பும் பெட்டியிலும் போடாதீர்கள். பெட்டியையும் ரசீதையும் வைத்துக்கொண்டு சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணான 0808 223 1133ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. பணத்தை எப்படிக் கேட்பது என்று அவர்கள் சொல்வார்கள். புகாரை, கடைகளைச் சோதிக்கும் உள்ளூராட்சி அதிகாரிகளுக்கும் அனுப்பிவைப்பார்கள்.