லாரி இன்ஜினை இறக்கணுமா? முதல்ல முகத்தைக் கழட்டுங்க!

சேலத்திலிருந்து தருமபுரிக்கு லோடு ஏற்றி வரும் லாரிகளை, தொப்பூர் கணவாயில் ஓரமா நின்னு ஒரு பத்து நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. கியரைக் குறைத்து, மூச்சு வாங்கி, நடந்து போகிற வேகத்தில் ஏறும். ஏற்கெனவே தேய்ந்துபோன இன்ஜினாக இருந்தால், அதன் கதை பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு ஏற்றத்தில்தான் முடியும். தண்ணி கொதிக்கும், புகை கக்கும், கடைசியில் ‘பிடிச்சிடும்’.

அதுக்கப்புறம் லாரி பட்டறையில் நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளும் ஓனருக்கு நஷ்டம். தவணை நிற்காது, இன்ஷூரன்ஸ் நிற்காது, பாலக்கோட்டுத் தக்காளி லோடும் காத்திருக்காது. அதனால்தான் ‘இன்ஜினை மாத்தணும், முன்பக்கத்தை முழுசா பிரிக்கணும்’ என்று மெக்கானிக் சொன்னதும், ‘அதுக்கு வேற அரை நாளா? அப்படியே தூக்க முடியாதாண்ணே?’ என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கப்போய் கிளட்ச், ரேடியேட்டர், சில சமயம் விரல் என்று பெரிதாக இழந்துவிடக் கூடாது.

எந்த வண்டிக்குத் தேவை?

எல்லா லாரிக்கும் முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. வண்டிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மூக்கு வைத்த வண்டி. டாடா 1210 எஸ்.இ போன்றவை. இன்ஜினில் பாதி பானெட்டுக்குள்ளும், மீதி டேஷ்போர்டுக்கு அடியிலும் இருக்கும்.

இரண்டாவது, கம்பெனியிலிருந்து சேஸியை மட்டும் வாங்கி, பாடி கட்டுபவர்களிடம் கொடுத்து கேபின் கட்டிய தட்டை முக வண்டி. டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். கேபின் சாயாது. இந்த இரண்டு வகைக்கும் இன்ஜின் வெளியே வர நல்ல வழி, முன்பக்கம்தான்.

மூன்றாவது, கேபினே முன்னால் சாயும் புதிய வண்டி. இதில் கேபினைச் சாய்த்தாலே இன்ஜின் தெரியும். பெரும்பாலும் முகத்தைப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால், சாய்த்த கேபினுக்கு லாக் விழுந்ததா என்று பார்க்காமல் அடியில் தலையை விடவே கூடாது.

ஒரு சாண் இடம்தான் விஷயம்

ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின் சாதாரணமாக 400 முதல் 500 கிலோ எடை இருக்கும். அதைத் தூக்குவது பிரச்னையே இல்லை, ஒரு செயின் பிளாக் போதும். நேராக இழுப்பதுதான் பிரச்னை.

கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் பற்களுக்குள் நுழைந்திருக்கும். இன்ஜின் மேலே எழும்புவதற்கு முன், அந்த ஷாஃப்ட் விடுபடும்வரை முன்னோக்கி நகர வேண்டும். ஏறக்குறைய ஒரு சாண் தூரம். ரேடியேட்டரும் ஷோவும் பம்பரும் இருந்தால் அந்த இடம் கிடைக்காது. அவசரப்பட்டுச் சாய்த்துத் தூக்கினால், மொத்த எடையும் ஷாஃப்ட்டின் மேல் தொங்கும். கிளட்ச் பிளேட் வளையும். புது இன்ஜின் போட்டும் கியர் விழாமல் தவிக்கிற வண்டிகளில், இந்தத் தவறையும் சந்தேகப்படலாம்.

கியர்பாக்ஸை முதலில் இறக்கிவிட்டு இன்ஜினை எடுக்கும் வழியும் உண்டு. ஆனால், அது வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் கனமான வேலை. முகத்தைப் பிரித்தால் எல்லாமே நின்றபடி, கண்ணுக்கு நேராக நடக்கும்.

கழட்டும் வரிசை

முந்தின நாள் ராத்திரியே துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். காலையில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் இன்ஜினோடுதான் இருக்கிறது. இன்ஜின் வெளியே வந்துவிட்டால் ஏர் பிரேக்கை நம்ப முடியாது. ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டி என்றால் நேர்மாறு. காற்று இறங்கியதும் பின் சக்கரம் இறுகிக்கொள்ளும். வண்டியைப் பின்னால் தள்ள வேண்டுமென்றால், விவரம் தெரிந்தவர்தான் அதை போல்ட் போட்டு விடுவிக்க வேண்டும்.

பிறகு பேட்டரி வயர். அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீர். கூலன்ட்டை வாளியில் பிடித்து வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் குடித்துவிடும், அது விஷம்.

இனி முகம். ஹெட்லைட், இண்டிகேட்டர் வயர்களைப் பிரிக்கும் முன் செல்போனில் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். அப்புறம் பம்பர், கிரில், ஷோ, பானெட். ஒவ்வொன்றின் போல்ட்டுக்கும் தனித்தனி டப்பா. உள்ளூரில் கட்டிய கேபின்களில் ஷோவை வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பதும் உண்டு. அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும்போதே, அடுத்த முறை கழட்டுகிற மாதிரி போல்ட் வைத்துவிட்டால் புண்ணியமாகப் போகும். எலுமிச்சை, மிளகாய், குலதெய்வத்தின் பெயர் எழுதிய பலகை எல்லாவற்றையும் சாக்கு விரித்துப் பத்திரமாக வையுங்கள். வண்டிக்காரருக்கு அது வெறும் தகரம் இல்லை.

2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி கட்டாயம். பல மாடல்களில் ஏ.சி கண்டன்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். அந்த பைப்பை அப்படியே பிடுங்கக் கூடாது. முதலில் கேஸை முறையாக எடுக்க வேண்டும்.

கடைசியாக ரேடியேட்டர். அது வெளியே வந்ததும், முன்னால் ஆள் நின்று வேலை செய்கிற அளவுக்கு இடம் திறந்துவிடும். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, டீசல் பைப் வாய்களை அடைத்து, மவுன்டிங் போல்ட்டுகளை எடுத்து, செயினைச் செங்குத்தாக மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே இழுங்கள். புளியமரக் கிளையில் செயின் கட்டும் பழைய பழக்கம் வேண்டாம். இரும்பு ஸ்டாண்டு போடுங்கள். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது.

பழைய இன்ஜின் ஏன் செத்தது?

முகம் கழன்று கிடக்கிற இந்த நாள்தான் வண்டியைப் பரிசோதிக்கச் சரியான நாள். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், வாட்டர் பம்ப், ஹோஸ், ஃபேன் பெல்ட், மவுன்டிங் ரப்பர் என எல்லாமே கைக்கு எட்டும். இப்போது விட்டால், அடுத்த முறை இதற்காகவே மறுபடி பிரிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ரேடியேட்டர். பழைய இன்ஜின் சூடேறித்தான் பிடித்தது என்றால், அதைக் கொன்றது அடைத்துப்போன ரேடியேட்டராக இருக்கலாம். அதையே திரும்ப மாட்டினால், கடன் வாங்கிப் போட்ட புது இன்ஜினையும் அதே ஏற்றத்தில் பலி கொடுப்பதற்குச் சமம்.

திரும்ப மாட்டும்போது ஷோவின் ரப்பர் பட்டை, ஃபேனைச் சுற்றியுள்ள கூடு ஆகியவற்றை ‘அழகுக்குத்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். எதிர்க்காற்றை ரேடியேட்டர் வழியாகவே போக வைப்பவை அவைதான்.

ஆர்.சி புத்தகத்தை மறந்துடாதீங்க

இன்ஜின் மாறினால் இன்ஜின் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, இப்படியான மாற்றத்தை 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். டி.என் 29 வண்டி என்றால் தருமபுரி ஆர்.டி.ஓ அலுவலகம். பழைய இன்ஜின் வாங்கினால், விற்றவரிடம் பில் கட்டாயம் வாங்குங்கள். நம்பர் ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் நேரே லோடு ஏற்றிவிடாதீர்கள். ஏர் டேங்க்கில் காற்று நிறைகிறதா, பிரேக் பிடிக்கிறதா, எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று வெறும் வண்டியில் ஓட்டிப் பாருங்கள். ஏனென்றால், ஏறும்போது மக்கர் செய்யும் இன்ஜின் வண்டியை ஓரத்தில்தான் நிறுத்தும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூரில் இறங்கும்போது பிரேக் மக்கர் செய்தால், முன்னால் போகிற குடும்பங்களும் சேர்ந்து பாதிக்கப்படும். அந்த அரை நாள், அவர்களுக்காகவும்தான்.