ஒழுகும் படகில் ஓட்டை எங்கே?

எஞ்சின் பொருத்திய எந்தப் படகிலும் தளப்பலகைகளுக்குக் கீழே, ஏரா எனப்படும் அடிமரத்தை ஒட்டி, நீர் வந்து சேரும் தாழ்வான பகுதி ஒன்று இருக்கும். கப்பல் தொழிலில் பில்ஜ் என்று வழங்கும் இதனை அடிக்குழி எனலாம். படகின் குறுக்குச் சட்டங்களாகிய வங்குகளின் அடியில் சிறு வடிதுளைகள் விடப்பட்டிருப்பதால், முன்பகுதியாகிய அணியத்தில் புகுந்த நீரும், நடுப்பகுதியில் சொட்டிய நீரும், மேல்தளத்திலிருந்து இறங்கிய மழைநீரும் ஒரே தடத்தில் வழிந்து, படகின் மிகத் தாழ்ந்த இடத்தில், பெரும்பாலும் எஞ்சினுக்குப் பின்புறத்தில், ஒன்றாகத் தேங்குகின்றன. எனவே நீர் தேங்கிக் கிடக்கும் இடத்துக்கும் அது உள்ளே புகுந்த இடத்துக்கும் பல அடி தொலைவு இருக்கலாம். ஈரம் கண்ட இடத்திலேயே ஓட்டையைத் தேடத் தொடங்குபவர் பாதி நாளை வீணாக்குவதற்குக் காரணம் இதுவே.

மரங்களின் இடையே நீர் ஏறி இறங்கிப் போவதையே இயல்பாகக் கொண்ட கட்டுமரத்துக்கு அடிக்குழியும் இல்லை, ஒழுக்கு என்ற கவலையும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளோ, கரையில் மோதும் அலைக்கு வளைந்து கொடுக்கும் பொருட்டு ஓரளவு ஒழுகுவதை ஏற்றுக்கொண்டவை. அவற்றில் நீர் இறைப்பதும் படகு செலுத்தும் வேலையில் சேர்ந்ததாகவே இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கூசின் மன்னர் இரண்டாம் ஹீரோன் கட்டுவித்த பெருங்கப்பலில், அடிக்குழி மிக ஆழமாயிருந்தும், ஆர்க்கிமிடீசின் திருகு இறைப்பானைக் கொண்டு ஒரே ஆள் நீரை வெளியேற்றியதாகக் கிரேக்க எழுத்தாளர் அதீனேயசு குறிப்பிடுகிறார். கையால் இறைத்த காலத்தில், நேற்றைவிட இன்று நீர் மிகுதியா குறைவா என்பதை இறைப்பவரின் தோளே அறிந்திருந்தது. நீர்மட்டம் உயர்ந்ததும் மிதவை ஒன்று மேலெழுந்து மின்சுற்றை இணைக்க, தானாகவே ஓடி நீரை வெளியே தள்ளும் இன்றைய பில்ஜ் பம்பு அந்த அறிவை எடுத்துக்கொண்டுவிட்டது. படகைக் காக்கும் கருவியே அதன் பழுதை உரிமையாளரின் கண்ணிலிருந்து மறைத்தும் வைக்கிறது. பேட்டரியின் மின்சாரம் தீர்ந்த ஓர் இரவிலோ, மிதவையில் குப்பை சிக்கிய ஒரு நாளிலோதான் உண்மை நிலை வெளிப்படும். கடலில் ஓடும்போது மூழ்கும் படகுகளை விடக் கட்டிய இடத்திலேயே மூழ்கும் படகுகள் மிகுதி என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஒழுக்கைத் தேடும் வேலை பம்பின் ஓட்டத்தைக் கணக்கெடுப்பதில் தொடங்க வேண்டும். ஒரு நாளில் அது எத்தனை முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஓடுகிறது, வெளியேறும் நீரை ஒரு வாளியில் பிடித்தால் எத்தனை லிட்டர் என்று குறித்து வைப்பது, விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகத் தேடுவதைவிட விரைவில் பயன் தரும்.

அளவைப் பற்றிய தெளிவு அச்சத்தையும் அலட்சியத்தையும் ஒருசேரக் குறைக்கும். ஏறத்தாழ இருபது துளிகள் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் கசிவு ஒரு நாளில் நான்கு லிட்டருக்குச் சற்று மேல் தரும். கவனிக்க வேண்டியதே ஆயினும் அஞ்சத்தக்கதன்று. மாறாக, நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று திறந்துகொண்டால், துளையின் விளிம்பு அமைந்துள்ள விதத்தைப் பொறுத்து, நிமிடத்துக்கு 40 முதல் 70 லிட்டர் வரை நீர் பாயும். துளையின் விட்டம் இரட்டித்தால் பாயும் நீர் நான்கு மடங்காகும். ஆழம் இரட்டித்தாலோ ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். ஆழத்தைவிடத் துளையின் அகலமே பெரிய பகை என்பது இதனால் விளங்கும். எனினும் சிறு ஒழுக்கும் தன்னளவில் நின்றுவிடுவதில்லை. உள்ளே அரை டன் நீர் சேர்ந்ததும் படகு அந்த அளவுக்குத் தாழ்ந்து மிதக்க, அதுவரை நீர்மட்டத்துக்கு மேலிருந்த புகைபோக்கி வாயும் பம்பின் வெளியேற்று வாயும் நீருக்குள் அமிழ்ந்து, புதிய வழிகளைத் திறந்துவிடக்கூடும்.

அடுத்து அறிய வேண்டியது நீரின் வகை. பெருங்கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அடிக்குழி நீரில் ஒரு கரண்டியைத் தட்டில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால் வெண்படலம் படிவதைக் கொண்டே அது கடல்நீரா அல்லவா என்று ஓரளவு தீர்மானிக்கலாம். எண்ணெயும் அழுக்கும் கலந்த அந்த நீரைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் விட்டொழிக்கத் தக்கது. உப்பில்லாத நீர் என்றால் மழை, குடிநீர்த் தொட்டி, எஞ்சினின் உள் குளிர்விப்பு நீர் ஆகியவற்றில் ஒன்றே மூலம். பச்சை அல்லது சிவப்புச் சாயமும் வழுவழுப்பும் இருந்தால் குளிர்விப்பு நீர் என்று கொள்ளலாம். தொட்டியின் மேல் ஐயம் இருப்பின் அதில் சமையலுக்கான நிறமியைக் கலந்துவிட்டு அடிக்குழியில் அந்த நிறம் தோன்றுகிறதா என்று பார்க்கலாம். மழையை எளிதாக எண்ணிவிடக் கூடாது: பத்துச் சதுர மீட்டர் திறந்த தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் இறங்குகிறது. தளத்தின் விளிம்பிலும், கம்பிகளைப் பிடித்திருக்கும் திருகுகளின் அடியிலும் உள்ள பழைய பூச்சு வெடித்திருந்தால், அந்நீரின் ஒரு பங்கு நேரே உள்ளே வந்துவிடும். ஆற்றிலும் ஏரியிலும் ஓடும் படகுகளுக்கு உப்புச் சோதனை உதவாது என்பதால், அங்கே நேரத்தைக் கொண்டே மூலத்தை ஊகிக்க வேண்டியிருக்கும்.

நேரம் என்பது இங்கே, படகு கட்டிக் கிடக்கும்போது நீர் சேர்கிறதா, ஓடும்போது மட்டும் சேர்கிறதா, மழைக்கும் கழுவலுக்கும் பின் சேர்கிறதா என்ற வேறுபாடு. வறண்ட வானிலையில் கட்டிக் கிடக்கும்போதும் கடல்நீர் சேருமாயின், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஏதோ ஒரு துளையோ பொருத்தோதான் காரணம். ஓடும்போது மட்டும் சேருமாயின், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டாகிய ஷாப்ட், அழுத்தத்தில் ஓடும் குளிர்விப்பு நீர், புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றின் மேல் ஐயம் திரும்ப வேண்டும். இதில் ஏமாறவும் இடமுண்டு: வேகமெடுக்கும்போது அணியம் உயர்ந்து பின்புறம் தாழ்வதால், முன்பகுதியில் கண்ணுக்குப் படாமல் கிடந்த பழைய நீர் பின்னோக்கி ஓடிவந்து, புதிதாக ஒழுகியதுபோலத் தோன்றும்.

இந்த மயக்கத்தைத் தவிர்க்க ஒரே வழி, சோதனைக்கு முன் அடிக்குழியை முழுவதும் இறைத்து, துணியால் ஒற்றி, காற்றாட உலர விடுவது. பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தேடல் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். உலர்ந்தபின் வங்குகளின் வடிதுளைகளைக் களிமண்ணாலோ குழாய் வேலைக்கான மக்காலோ தற்காலிகமாக அடைத்தால், ஒரே குழியாக இருந்தது பல தனித்தனி அறைகளாகப் பிரிந்துவிடும். சில மணி நேரம் கழித்து எந்த அறையில் நீர் நிற்கிறதோ அந்த அறைக்குள்தான் கசிவு உள்ளது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். பின்னர் அந்த அறையில் மட்டும் ஒவ்வொரு பொருத்தின் அடியிலும் செய்தித்தாள் துண்டுகளை விரித்தும், பக்கச் சுவரில் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவியும் வைத்தால், நீர் இறங்கிய தடம் கோடாகத் தெரியும். பழைய கசிவுகள் தம் அடையாளத்தைத் தாமே விட்டுச் செல்வதும் உண்டு: உப்புப் படலம், துருக்கறை, வெண்கலப் பொருத்துகளைச் சுற்றிய பச்சைப் பூப்பு ஆகியவை விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு தேடுபவருக்குத் தென்படும். வேலை முடிந்ததும் அடைத்த வடிதுளைகளைத் திறக்க மறந்தால் நீர் பம்பை எட்டாது.

பொருத்துகளில் முதலில் பார்க்கத் தக்கது ஷாப்ட் வெளியேறும் இடம். உள்ளேயிருக்கும் எஞ்சினின் சுழற்சியை வெளியேயிருக்கும் புரொப்பல்லருக்குக் கொண்டு செல்லும் தண்டு, படகின் உடலை ஒரு குழலின் வழியே துளைத்துச் செல்கிறது. அக்குழலின் உள்முனையில், மெழுகோ கொழுப்போ கிராபைட்டோ ஊட்டிய சதுரக் கயிற்று வளையங்களைத் திணித்து, ஒரு மரையால் நெருக்கி நீரைத் தடுக்கும் அமைப்புக்குக் கிளாண்ட் என்றும், அந்தக் கயிற்றுக்குப் பேக்கிங் என்றும் பெயர். ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டுவது இவ்வமைப்பின் குறையன்று. தண்டுக்கும் கயிற்றுக்கும் இடையே வெப்பத்தைத் தணித்து உராய்வைக் குறைப்பது அந்தத் துளிகளே. ஒரு சொட்டும் விழக் கூடாது என்று மரையை இறுக்குபவர், கயிற்றைக் கருக்கி, தண்டில் பள்ளம் விழச் செய்து, பின்னர் எந்தப் பேக்கிங்காலும் அடைக்க முடியாத ஒழுக்கைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். எஞ்சினை நிறுத்தியவுடன் கிளாண்டின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை பொறுக்காத சூடு இறுக்கம் மிகுந்துவிட்டதைக் காட்டும். கயிறு கெட்டித்துப் போயிருந்தால் இறுக்குவதில் பயனில்லை. பழையதை முழுவதும் எடுத்துவிட்டு, தண்டின் சுற்றளவுக்குச் சரியாக வெட்டிய தனித்தனி வளையங்களை, அவற்றின் இணைப்புகள் ஒரே நேர்க்கோட்டில் அமையாதவாறு திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். ஒரே நீளக் கயிற்றைச் சுருளாகச் சுற்றி நுழைத்தால் நீர் அந்தச் சுருளின் வழியே நடந்து வந்துவிடும். புதுவகைப் படகுகளில் கரி வளையமும் எஃகு வளையமும் முகத்தோடு முகம் உராயும் அடைப்பு உண்டு. அது சொட்டவே கூடாதது என்பதால், இங்கே ஒரு துளியும் பழுதின் அறிகுறியே. சுக்கான் தண்டு இறங்கும் இடத்திலும் இத்தகைய கிளாண்ட் ஒன்று பல படகுகளில் இருப்பதையும், அது மூலையில் மறைந்திருப்பதால் ஆண்டுக்கணக்கில் எவரும் பாராதிருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் வால்வும், அதனோடு இணைந்த ஹோசும், அதனைப் பிடித்திருக்கும் கிளிப்பும் அடுத்த ஐயத்துக்கு உரியவை. பித்தளைப் பொருத்துகளில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் சிறுகச் சிறுக அரித்துப் போக, எஞ்சும் செம்பு நுண்துளைகளோடு இளஞ்சிவப்பாக நின்று, வெளித்தோற்றத்தில் குறையின்றி இருந்தும் ஒரு தட்டுக்கு உடைந்துவிடும். படகு நீரில் இருக்கும்போது இவற்றைத் தட்டிப் பார்ப்பது அறிவுடைமையாகாது. கையருகே கூம்பு வடிவ மர ஆப்பு இல்லாமல் கழற்றத் தொடங்குவது அதைவிட மோசம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிலவும் 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையேற்றிப் பழுது பார்க்கப்படுவதால், இத்தகைய ஆய்வுக்கு அதுவே உகந்த காலம். மரப்படகுகளின் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடைத்துப் பூசும் கலப்பத்து வேலைக்கும் கரையேற்றிய படகே ஏற்றது. கரையில் இருக்கும் படகின் அடிக்குழியில் சிறிதளவு நீரை ஊற்றி, அது வெளியே எங்கே கசிகிறது என்று பார்க்கும் முறை எளியதும் பயனுள்ளதுமாகும். ஆயினும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டரும் ஒரு டன் எடை என்பதையும், வெளியிலிருந்து அழுத்தத்தைத் தாங்க அமைந்த உடல் உள்ளிருந்து அழுத்தப்படுவதையும் எண்ணி, அளவோடு நிறுத்த வேண்டும்.

குளிர்விப்பு நீர்ப்பம்பின் அடிப்பக்கத்தில், நீர் அடைப்புக்கும் எண்ணெய் அடைப்புக்கும் நடுவே ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். நீர் அடைப்பு தேய்ந்ததை அறிவிக்கும் இத்துளையில் நீர் சொட்டுவதைக் கண்டு, அதையே ஓட்டை என்று கருதி அடைத்துவிடுவோர் கடல்நீரை எஞ்சினின் எண்ணெய்க்குள் அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு விசித்திரம், பில்ஜ் பம்பே நீரைக் கொண்டுவருவது: வெளியேற்று ஹோசின் வாய் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்து, ஹோசில் போதிய உயர வளைவும் இல்லையென்றால், பம்பு நின்றதும் நீர் எதிர்த்திசையில் உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். ஹோசை நீர்மட்டத்துக்கு நன்கு மேலே வளையமாக உயர்த்தி, உச்சியில் காற்று புகும் வால்வைப் பொருத்தினால் இந்த உறிஞ்சல் அறுபடும்.

கசிவைக் கண்டு அடைத்தபின்னும் சில படகுகளில் நீர் சேர்வது உடனே நிற்பதில்லை. கண்ணாடியிழைப் படகுகளின் தளத்துக்கு அடியில் நிரப்பிய நுரையும், நீளச் சட்டங்களுக்குள் வைத்த மரமும் ஊறி வைத்திருந்த நீரைப் பல நாள் மெல்ல வெளியிடுவதால், பழுது பார்த்தது பயனற்றுப் போனதாகச் சிலர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். தினமும் இறைக்கும் நீரை அளந்து எழுதினால் ஐயம் நீங்கும்: அளவு நாளுக்கு நாள் குறைந்து வந்தால் ஊறிய நீர் வடிகிறது என்று பொருள், குறையாமல் ஒரே அளவில் நின்றால், இரண்டாவது ஓட்டை ஒன்று இன்னும் இருக்கிறது.