பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையில்

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. மகள் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “கெம்பஸ் கிடைக்குமா?” உம்மாவுக்கும் தெரியாது, வாப்பாவுக்கும் தெரியாது. வெட்டுப்புள்ளி வெளியாகும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்புச் சகோதரிகளே, இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் நம் வீடுகளில் அவசர முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றின் சுமையைப் பிள்ளை பல வருடங்கள் சுமக்கிறாள்.

முதலில், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவே ஒரே இஸட் புள்ளி பெற்ற இருவரில் புத்தளத்துப் பிள்ளைக்குக் கிடைத்த இடம் கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். சென்ற வருட வெட்டுப்புள்ளியும் ஒரு மதிப்பீட்டுக்குத்தான் உதவும். அது வருடத்துக்கு வருடம் மாறும்.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எழுதும்போது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மேலே எழுதிய கற்கைநெறிக்குத் தகுதி கிடைத்துவிட்டால் கீழே எழுதியவை கவனிக்கப்படமாட்டா. “அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம்” என்று சொல்வதானால் எழுதுமுன் சொல்லுங்கள். தெரிவான பின்பு சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

அடுத்தது பணம். இந்த மாதங்களில் தனியார் கல்வி நிறுவனங்களின் விளம்பரங்கள் வீடு தேடி வரும். “அரைவாசிப் புலமைப்பரிசில், இந்த வாரத்துக்குள் பதிவு செய்தால் மட்டும்” என்பார்கள். உடனே உம்மாவின் காப்பு அடகுக்குப் போகிறது. முதல் தவணை கட்டியாயிற்று. மிகுதித் தவணைகளுக்கு எங்கே போவது?

ஒரு கணக்குப் பாருங்கள். ஓரிடத்தில் கட்டணம் 20 இலட்சம், அதில் பாதி சலுகை. இன்னோரிடத்தில் 9 இலட்சம், சலுகை எதுவும் இல்லை. பாதி சலுகை தந்த இடத்தில்தான் நீங்கள் ஓர் இலட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். எவ்வளவு குறைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைப் பாருங்கள். சலுகை எல்லா வருடங்களுக்குமா, புள்ளி குறைந்தால் நின்றுவிடுமா, பரீட்சைக் கட்டணம் தனியா, இடையில் விலகினால் முற்பணம் திரும்பி வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு உண்டு. இதற்கு உதவவே 1981இல் சட்டமாக்கப்பட்ட மஹாபொல நிதியமும், பர்சரி உதவுதொகையும் இருக்கின்றன. மாதம் 5,000 ரூபாவாக இருந்த மஹாபொலவை 7,500 ஆகவும், 4,000 ஆக இருந்த பர்சரியை 6,500 ஆகவும் உயர்த்த 2025 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. தெரிவில் குடும்ப வருமானமும் பார்க்கப்படுவதால், வருமானத்தை உறுதிப்படுத்தும் பத்திரங்களை இப்போதே ஆயத்தமாக்குங்கள். இந்தத் தொகை முழுச் செலவுக்கும் போதாது. மிகுதியை மாதக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. வட்டியை அரசாங்கம் ஏற்கிறது. வட்டிக்கு அஞ்சும் நமக்கு இது ஆறுதல்தான். ஆனால் இதைப் புலமைப்பரிசில் என்று எண்ணிவிடாதீர்கள். முதலைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நிபந்தனைகளை முழுதாக வாசிக்காமல் கையொப்பம் இடவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகனுடைய தனியார் படிப்புக்குக் காணி விற்கத் துணிகிற வீட்டில், மகளுக்கு இலவசமாகக் கிடைத்த இடம் “தூரம்” என்ற ஒரு சொல்லில் விடப்படுகிறது. தூரத்துக்கு வழி தேடலாம். விடுதி கிடைக்குமா, அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் யார் என்று பல்கலைக்கழக முஸ்லிம் மஜ்லிஸிடம் விசாரிக்கலாம். வாப்பா ஒரு தடவை போய்ப் பார்த்து வரலாம். விட்ட இடம் திரும்பக் கிடைப்பது அரிது.

இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு வழிக்கும் முழுச் செலவு, கிடைக்கும் உதவி, மிகுதி என்று மூன்று நிரல் போடுங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும். மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். அதன் பின்பு வெட்டுப்புள்ளி எப்படி வந்தாலும், இன்ஷா அல்லாஹ், பதறாமல் முடிவெடுக்கலாம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக.