கடைசிப் பெட்டியைப் பாருங்கள்

ரயில் ஒரு ஸ்டேஷனைத் தாண்டும்போது, கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' பலகை தெரிகிறதா என்று ஊழியர் பார்ப்பார். தெரிந்தால்தான் வண்டி முழுதாக வந்ததாக அர்த்தம். மின்னஞ்சலில் வரும் இணைப்புக்கும் இதே விதிதான்: பெயரின் கடைசி எழுத்துக்களைப் பாருங்கள்.

2000 மே 4-ம் தேதி உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இணைப்பாகத்தான் வந்தது. பெயரில் 'டிஎக்ஸ்டி' என்று இருந்ததால், வெறும் கடிதம் என நம்பித் திறந்தார்கள். அதற்கும் பின்னால் இருந்த 'விபிஎஸ்' என்பதை விண்டோஸ் மறைத்திருந்தது. அது கடிதமல்ல, புரோகிராம்! திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தோருக்கெல்லாம் அவர் பெயரிலேயே பிரதிகள் பறந்தன.

ஆகவே அன்பர்களே, விண்டோஸின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். முழுப் பெயரும் தெரியும். 'ஈஎக்ஸ்ஈ', 'விபிஎஸ்' என முடிந்தால் தொடாதீர்கள். செல்போனில் வரும் 'ஏபிகே'யும் அப்படியே. மற்றவையும், எதிர்பாராமல் வந்தால், ஊரிலுள்ள தம்பி அனுப்பியதாகவே இருக்கட்டும், போன் செய்து கேட்டபின் திறவுங்கள். பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் அதே கம்ப்யூட்டரில்தானே!