தொப்பிக்கு ஒரு சட்டம்

ரயில் பெட்டிகளின் அடிச்சட்டத்தோடு 35 ஆண்டுகள் மல்லுக்கட்டியவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு காகிதத் தொப்பி ஒட்டும் உத்தியோகம் கிடைக்கும் என்று யார் கண்டது? நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் கடைசி ஒரு மணி நேரம் குழந்தைகள் கொட்டாவி விடுகிறார்களாம். "சார், நீங்கள் ஏதாவது செய்யுங்களேன்" என்று ஆசிரியை அம்மாள் கேட்டார். மிருகத் தொப்பி செய்யலாம் என்றேன்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு அளவைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் சார்ட் பேப்பர் 22க்கு 28 அங்குலம். ஏறக்குறைய 56க்கு 71 சென்டிமீட்டர். ஆறேழு வயதுக் குழந்தையின் தலைச்சுற்று 51, 52 சென்டிமீட்டர் இருக்கும். அகலவாக்கில் 5 சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டினால், ஒட்டுவதற்கும் இடம் மிஞ்சும், ஒரு தாளில் 14 தலைகளும் தேறும். ஆனால் மரத்தைப் போலக் காகிதத்துக்கும் ரேகை உண்டு. இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் வாக்கில் பட்டை எடுங்கள். மாற்றி எடுத்தால் வட்டமாக வராது, முனை முனையாக முறியும். ஸ்டேப்ளர் அடித்தால் கம்பியின் மடங்கிய நுனி வெளிப்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் முடியைப் பிடுங்கும்.

தொல்லை பிடித்தது முயல் காதுதான். ஐந்தே நிமிடத்தில் துவண்டு விழும். நடுவில் நெடுக ஒரு மடிப்புக் கொடுத்தால் விறைப்பாக நிற்கும். தகரத்தை நெளித்தால் வலுவேறும் அதே கணக்கு. துதிக்கைக்கு இரண்டு பட்டைகளைக் குறுக்காக வைத்து மாற்றி மாற்றி மடியுங்கள், ஸ்பிரிங் போல ஆடும்.

இவ்வளவும் சரியாகச் செய்த நான் ஒரு சட்டமும் போட்டேன். மிருகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால்தான் தொப்பி தலைக்கு ஏறும்! யானை, மான், கரடி எல்லாம் ஏறின. தாணேயிலிருந்து வரும் எட்டு வயதுப் பையன் ஒருவன் "பிப்ட்யா" என்றான். மராத்தியில் சிறுத்தை. போரிவலி தேசியப் பூங்காவில் சிறுத்தைகள் உலவும் ஊரில் அவன் காதில் விழுந்த பெயர் அதுதான். "தமிழில் சொல்லுடா" என்றேன். மறுபடியும் "பிப்ட்யா". மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தொப்பியைக் கொடுக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை.

பரோடாவில் இருக்கும் என் பேத்தி தொலைபேசியில் என்னை "தாதாஜி" என்றுதான் கூப்பிடுகிறாள். அவளிடம் நான் எந்தச் சட்டமும் போட்டதில்லை.

மூன்றாவது வாரம் மஞ்சள் தாளும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு பையன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார். பையன் கதவோரம் நின்றான். நான் ஒன்றும் பேசாமல் பட்டையில் புள்ளி புள்ளியாக வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து பேனாவைப் பிடுங்கினான். முழுப் புள்ளி சீட்டாவுக்கு, இதற்கு உடைந்த வளையம் என்று இந்தியில் எனக்குப் பாடம் நடத்தினான். உண்மைதான். சிறுத்தைக்கு முதுகில்தான் வளையம், தலையில் வெறும் புள்ளி. தொப்பி தலைக்குத்தானே என்று நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை.

"சிறுத்தைக்குக் காது சின்னதா, பெரிசா?" என்று மட்டும் கேட்டேன்.

"சின்னது" என்றான். பிறகு, "தாத்தா, வால் எங்க ஒட்டறது?"

தொப்பிக்கு வாலா என்று கேட்காமல் இன்னொரு பட்டை வெட்டினேன்.