பண்டிகையின் கணக்கு யார் தலையில்?

தீபாவளிக்கு விடுமுறை ஒரு நாள். சில ஆண்டுகளில் அரசு மறுநாளையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஆனால் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் அந்த ஒரு நாளுக்கான வேலை பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தொடங்குபவர் பெரும்பாலும் அந்த வீட்டின் அம்மா. பரண் ஒழிப்பது, ஒட்டடை அடிப்பது, பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது, தையல்காரரிடம் கொடுத்த ஜாக்கெட்டை நினைவாகப் போய் வாங்குவது, பலகாரத்துக்கு மாவு அரைப்பது என்று வேலைகள் வரிசை கட்டி நிற்கும். பள்ளிக்கூடமும் அலுவலகமும் அதற்காக நிற்பதில்லை. காலை ஏழரைக்குள் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும், வீட்டுப்பாடம் பார்த்தாக வேண்டும், மாமனாரின் மாத்திரை தீர்வதற்குள் வாங்கியாக வேண்டும். "அம்மாவுக்கு ரொம்ப வேலை" என்று வீடே சொல்லும். யாராவது ஒருவர் தேங்காய் துருவிக் கொடுக்கவும் செய்வார். ஆனாலும் பாரம் இறங்குவதில்லை. அம்மாவைக் களைக்க வைப்பது அடுப்படியில் நிற்கும் நேரம் மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். எது, எப்போது, எவ்வளவு, யாருக்கு என்ற மொத்தக் கணக்கையும் ஒரே ஆள் தலையில் சுமப்பதுதான் பெரிய வேலை. அந்தக் கணக்கைப் பிரிக்காமல் கைவேலையை மட்டும் பிரித்துக்கொள்வதால் அம்மாவுக்குக் கிடைக்கும் ஓய்வு மிகக் குறைவு.

அதிரசத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசையில் கேதார கௌரி நோன்பு எடுக்கும் குடும்பங்களில் அது இல்லாமல் படையல் இல்லை. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிகிற நிலையிலேயே எடுத்து இடித்தோ அரைத்தோ விட வேண்டும். முழுக்கக் காய்ந்த அரிசி அதிரசத்துக்கு உதவாது. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் விரலில் உருட்ட வர வேண்டும். பதம் முந்தினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். பிந்தினால் கடிக்க முடியாது. ஏலமும் சுக்கும் சேர்த்துப் பிசைந்த மாவு ஒன்றிரண்டு நாள் ஊற வேண்டும். பிறகுதான் தட்டிச் சுட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்தெடுப்பது. இதைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். நோன்பன்று அதிரசம் வேண்டும் என்றால் முந்தின நாள் சுட வேண்டும், அதற்கு இரண்டு நாள் முன்பு பாகு காய்ச்ச வேண்டும், அன்றே அரிசி அரைபட வேண்டும், அதற்கும் முன்னால் நல்ல பாகு வெல்லம் வாங்கியிருக்க வேண்டும். மாவு மில்லில் அந்த வாரம் கூட்டம் நெரியும். மிளகாய் அரைத்த மிஷினில் போட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும். முறுக்குக்கு வேறு கணக்கு, அதற்கு உளுந்து வறுத்து அரைப்பது தனி. லேகியத்துக்கு நாட்டு மருந்துக் கடை. தீபாவளி காலை இட்லிக்கு மாவு முந்தின நாளே ஆட்டிப் பொங்கவிட வேண்டும். கறி எடுக்கும் வீடாக இருந்தால் விடிவதற்குள் கடையில் நிற்க ஆள் வேண்டும். இவற்றுக்கு நடுவே, கேஸ் சிலிண்டரை எப்போது மாற்றினோம், பலகாரம் முடியும்வரை தாங்குமா என்ற யோசனையும் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. ஆனால் வேலையில் பாதி முடிந்துவிட்டது.

இந்தப் பாதி எந்தப் புள்ளிவிவரத்திலும் சரியாக ஏறுவதில்லை. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். அதாவது ஒருவருக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, இன்னொருவருக்கு ஒன்றரை மணி நேரம். இதுவும் அந்த வேலையில் கைவைத்தவர்களின் சராசரிதான். 2019 ஆய்வில், பெண்களில் 81 விழுக்காட்டினர் வீட்டு வேலை செய்திருந்தார்கள். ஆண்களில் 26 விழுக்காட்டினர். இடைவெளி இவ்வளவு பெரிது. ஆனால் ஆய்வு ஒரு நாளை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. பேருந்தில் நின்றபடி வெல்லத்தின் அளவை யோசிப்பவருக்கு அந்த அரை மணி "பயணம்" என்றே பதிவாகும். அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மறைவான வேலையை நான்காகப் பிரித்துக் காட்டியது: வரப்போகும் தேவையை முன்கூட்டி உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது கணவன்மார் ஓரளவு பங்கெடுக்கிறார்கள், முன்கூட்டி உணர்வதும் கடைசிவரை கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவிமாரிடமே நிற்கின்றன என்பது அவர் கண்டது. நம் வீடுகளுக்கும் இது அப்படியே பொருந்தும். ஜாமூனா மைசூர்பாகா என்று முடிவு சொல்ல எல்லாரும் உண்டு. நெய் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தவர் ஒருவர்தான்.

இது வேலையே அல்ல, வெறும் நினைப்பு என்று ஒதுக்க நினைப்பவர்கள் ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டரைப் பார்க்க வேண்டும். ஐநூறு இலைக்குச் சமைக்க ஒப்புக்கொள்ளும் மாஸ்டர் முதலில் தொடுவது கரண்டியை அல்ல, காகிதத்தை. எத்தனை பந்தி, எந்த வேளைக்கு என்ன, துவரம்பருப்பு எத்தனை கிலோ, இலைக்கட்டு எத்தனை என்று அவர் எழுதும் சாமான் பட்டியலில்தான் அவருடைய அனுபவம் முழுக்க இருக்கிறது. காய் நறுக்குவதற்கும் மாவு பிசைவதற்கும் ஆட்கள் உண்டு. பட்டியல் போடத் தெரிந்தவர் என்பதால்தான் அவருக்கு மாஸ்டர் என்று பெயர், கூடுதல் கூலி. பெரும்பாலும் ஆண்களே செய்கிற அந்தத் தொழிலில் திட்டமிடுவது திறமையாக மதிக்கப்படுகிறது. அதே பட்டியலை வீட்டில் அம்மா மனதுக்குள் போடும்போது அது கண்ணில் படுவதே இல்லை. ஆண்களுக்குச் சமையல் கணக்கு வராது என்ற பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, இல்லத்தரசி விடுமுறையே இல்லாமல் இருபத்துநான்கு மணி நேரமும் உழைக்கிறார் என்றும், திட்டமிடுவது, ஒழுங்குபடுத்துவது, வரவுசெலவு பார்ப்பது எல்லாம் அந்த உழைப்பில் அடக்கம் என்றும் எடுத்துச் சொல்லி, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது. நீதிமன்றம் கண்டுகொண்ட ஒன்றை வீடுகளும் கண்டுகொள்ள வேண்டும்.

இப்போது எல்லாவற்றுக்கும் மிஷின் வந்துவிட்டதே, அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டுக்கல்லில் ஆட்டினார்களே என்பார்கள். உண்மைதான். 1950-களில் கோயம்புத்தூரில் உருவான வெட்கிரைண்டர், பெண்களின் தோளுக்கும் இடுப்புக்கும் தந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியதும் அந்த நிம்மதி ஏழை வீடுகளுக்கும் போனது. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. ஒரு காலத்தில் பல கிராமத்து வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளிக்குத்தான். ஆட்டுவது எளிதானதும் அது அன்றாட டிபன் ஆகிவிட்டது. அன்றாடமே அப்படி என்றால் பண்டிகைக்கு அதைத் தாண்டி ஏதாவது வேண்டுமே! இதே போக்கை மேலைநாட்டு வீடுகளில் கண்டு, 1983-இல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் ஒரு புத்தகமே எழுதினார்: கருவிகள் உடல் பாட்டைக் குறைத்தன, எதிர்பார்ப்பு உயர்ந்ததால் தாய்மாரின் வேலை நேரம் குறையவில்லை. மிக்ஸி அரைக்கும், நாளை என்ன அரைக்க வேண்டும் என்று அது யோசிக்காது.

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. வாங்குவதைக் குறையாகப் பேசும் உறவினர்கள் அந்தப் பேச்சை நிறுத்தினாலே பல பெண்களுக்குப் பாதிப் பாரம் குறையும். மகளிர் சுயஉதவிக் குழுவிலோ, தெருவில் பலகாரம் போட்டு விற்கும் அக்காவிடமோ வாங்கினால் இன்னொரு பெண்ணின் உழைப்புக்குக் கூலியும் கிடைக்கிறது. ஆனால் எல்லார் கையிலும் அந்தப் பணம் இல்லை. 2019-20 தொழிற்சாலை ஆய்வின்படி, நாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். போனஸ் கையில் கிடைத்த பிறகுதான் அவர்களில் பலருக்குத் துணியும் வெல்லமும்; செய்ய நேரமும் இல்லை, முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வழியும் இல்லை. பணம் இருக்கும் வீட்டிலும் எதை எங்கே வாங்குவது, எந்த உறவுக்கு எத்தனை கிலோ, போன வருஷம் அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு அப்படியே மிஞ்சுகிறது.

இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அம்மாக்கள் இதை ஆசையாகச் செய்கிறார்கள், பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்க்கும் சந்தோஷத்தை ஏன் பாரம் என்று பெயர் வைத்துக் கெடுக்க வேண்டும் என்பது. போதாததற்கு, யாராவது கைகொடுக்க வந்தாலும் "நீ போ, நானே பார்த்துக்கறேன்" என்று அவர்களே விரட்டுகிறார்களாமே. அந்த ஆசை பொய்யல்ல. எண்ணெயின் சலசலப்பு அடங்கி முறுக்கு சிவந்து வருவதைப் பார்ப்பதில் சமைக்கத் தெரிந்தவருக்கு உண்மையான நிறைவு இருக்கிறது. ஆனால் முறுக்கு பிழிய ஆசைப்படுவது வேறு, பன்னிரண்டு நாள் கணக்கைத் தனியாகத் தூக்குவது வேறு. கணக்கின் களைப்பில்தான் அந்த ஆசை கரைந்துபோகிறது. தீபாவளியன்று மத்தியானம் எல்லாரும் டிவி முன்னால் இருக்கும்போது சாப்பிடக்கூடத் தோன்றாமல் படுத்துவிடும் அம்மாக்கள் எத்தனை பேர்! விரட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. முறுக்கு கடிக்க முடியாமல் போனால், வந்த விருந்தாளி பிழிந்தவரைக் கேட்பதில்லை, வீட்டுப் பெண்ணைத்தான் கேட்கிறார். பழி ஒருவருக்கே வரும் என்றால் அவர் வேலையை எப்படி விட்டுக்கொடுப்பார்?

ஆகவே "சொன்னா செய்ய மாட்டேனா?" என்று கேட்கும் கணவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தேவையை உணர்ந்து, நேரம் பார்த்து, எடுத்துச் சொல்லி, நடந்ததா என்று மறுபடி கேட்பதுதான் அந்த வேலையின் கனமான பகுதி. அதை அம்மாவிடமே விட்டுவிட்டுக் கையை மட்டும் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. முழு வேலையும் கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. எந்தக் கிழமைக்கு என்ன உணவு என்பதிலிருந்து சாமான், சமையல், பரிமாறுவது, பாத்திரம் கழுவுவதுவரை அங்கே யாரும் தாயிடம் வந்து கேட்பதில்லை. ரவை இருக்கிறதா என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை. விடிகாலையில் வேலைக்கு ஓடும் ஒரு தாய்க்கு அந்த வேளையின் பொறுப்பே இல்லாமல் போகிறது. வீட்டுக்குள்ளும் பங்கு பிரிப்பது இந்த மாதிரி இருக்க வேண்டும். ஒண்டியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்கு வீட்டுக்குள் பங்குபோட ஆள் இல்லை. அவர்களுக்குக் கூடப்பிறந்தவர்களும் அக்கம்பக்கமும் ஒரு பலகாரத்தை முழுசாக ஏற்றுக்கொள்வதுதான் உண்மையான தீபாவளிச் சீர்.

வரும் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, அம்மா மனதில் இருக்கும் பட்டியலை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆளுக்கொன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கு என்றால் அரிசி வாங்குவது, மில்லுக்குப் போவது, பிழிவது, டப்பாவில் அடைப்பது, எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்ப்பது எல்லாமே ஒருவர் பொறுப்பு. முதல் வருஷம் கருகலாம், பரவாயில்லை. அம்மாக்கள் அதைத் திருப்பிச் செய்யாமல் இருக்க வேண்டும். விருந்துக்கு வருகிறவர்களும், முறுக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பதாக இருந்தால் அதைப் பிழிந்தவர் யார் என்று விசாரித்து அவரிடமே கேளுங்கள்.