வேலியா? வாசலா?

தாம்பரம் சானடோரியம் அருகே 'மெப்ஸ்' பார்த்திருக்கிறீர்களா? 1984ல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதி மண்டலம் அது. மூலப்பொருள் வரியில்லாமல் உள்ளே வரும். செய்த பொருள் வெளிநாட்டுக்குப் போகும். ஆனால், நாட்டின் மற்ற இடங்களில் அப்போது இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும்; வரியும் மிக அதிகம்!

ஏன் இந்தக் கட்டுப்பாடு? 'நம் தொழிற்சாலைகள் இளஞ்செடிகள். வேலி போட்டால்தான் வளரும்' என்றனர் ஆதரித்தவர்கள். வண்டலூர் அருகே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் தயாரானது அந்த வேலிக்குள்தான். உதிரிபாகங்களை நம்மவர்களே செய்யக் கற்றனர்.

'போட்டி இல்லாவிட்டால் செடி சோம்பிப் போகும்' என்றனர் எதிர்த்தவர்கள். அதுவும் நடந்தது. பழைய மாடல் கார் வாங்கவே மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1980களின் இறுதியில் ஸ்டாண்டர்டு கார் உற்பத்தியே நின்றுபோனது.

1991ல் இறக்குமதிக்கான டாலர் கையிருப்பு சில வாரங்களுக்கே போதும் என்ற நிலை. இந்தியா வாசலைத் திறந்தது. மறைமலை நகருக்கு அமெரிக்காவின் 'ஃபோர்டு' வந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. 2022ல் அது கார் உற்பத்தியை நிறுத்த, பலர் அந்த வேலையை இழந்தனர்.

வேலி போட்டாலும் நஷ்டம் உண்டு. வாசலைத் திறந்தாலும் நஷ்டம் உண்டு. எதற்கு வேலி, எதற்கு வாசல்? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசிப் பாருங்களேன்!